பவரா, நார்மலா?

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்ததும் வரும் கேள்வி இது. கேட்கும் ஊழியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படிக் கேட்கும்படி அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பதில் சொல்பவர்கள்தான் கவனிக்கத் தக்கவர்கள். புது கார், விலை உயர்ந்த பைக் என்றால் "பவரே போடுங்க" என்கிறார்கள். பத்து வருஷப் பழைய ஸ்கூட்டர் என்றால் "நார்மல் போதும்". இரண்டு பதில்களும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறக்கின்றன: விலை கூடிய பெட்ரோல் தரம் கூடிய பெட்ரோல், அதை ஊற்றினால் பிக்கப்பும் மைலேஜும் ஏறும், ஆகவே நல்ல வண்டிக்கு அதுதான் மரியாதை. படித்தவர்கள், பொறியாளர்கள், வண்டியைப் பிள்ளைபோல் பார்த்துக்கொள்பவர்கள் எல்லாரும் இதை நம்புகிறார்கள். இது அடியோடு தவறு. இந்தத் தவறுக்கு நம் மக்கள் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏழெட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவருகிறார்கள்.

விலை கூடிய பெட்ரோலைச் சாதாரணப் பெட்ரோலிலிருந்து பிரிப்பது முதன்மையாக அதன் ஆக்டேன் எண்தான். அந்த எண் பெட்ரோலில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று சொல்வதில்லை. இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வந்து பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை நெருக்குகிறது. ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. அங்கிருந்து தீ சீராகப் பரவ வேண்டும். அது பரவி வருவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாளாமல் தானாகவே வெடித்துவிட்டால், உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது அதைத்தான். அப்படி வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறது என்பதன் அளவே ஆக்டேன் எண்.

இந்த அளவுகோலை 1920களில் வகுத்தவர் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர். எளிதில் வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0, லேசில் வெடிக்காத ஐசோ-ஆக்டேனுக்கு 100. ஒரு பெட்ரோல் 91 என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவைக்குச் சமமாக அது நாக்கிங்கைத் தாங்கும் என்று பொருள். நம் நாட்டில் வழங்கும் ஆர்.ஓ.என். எண்ணை, அழுத்த விகிதத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள ஒற்றைச் சிலிண்டர் சோதனை இன்ஜினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடவிட்டுக் கணக்கிடுகிறார்கள். அந்தச் சோதனையில் யாரும் வேகத்தை அளப்பதில்லை, மைலேஜை அளப்பதில்லை. எத்தனாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் வேறு, ஆற்றல் வேறு என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

ஆக்டேனைக் கூட்டுவதற்கு உலகம் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் நாக்கிங்கை அடக்க ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு பல தலைமுறைக் குழந்தைகள் ஈயப் புகையைச் சுவாசித்தார்கள். இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாற 2000 பிப்ரவரி வரை ஆயிற்று. நாக்கிங் என்பது அவ்வளவு மெய்யான சிக்கல். ஆக்டேனுக்குத் தேவையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தேவை இன்ஜினுடையது, வண்டியின் விலையுடையது அல்ல என்கிறேன்.

இன்ஜினை வடிவமைக்கும்போதே இன்ன ஆக்டேனுக்கு என்று கணக்குப் போட்டுத்தான் அழுத்த விகிதத்தையும் பொறி வைக்கும் நேரத்தையும் தீர்மானிக்கிறார்கள். 91-க்கு என்று அமைத்த இன்ஜின் 91-இலேயே தன் முழு வேலையையும் செய்துவிடுகிறது. அதில் 95-ஐயோ 100-ஐயோ ஊற்றினால், வராத நாக்கிங்கைத் தடுப்பதற்குக் காசு கொடுத்ததாகும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016-இல் இதைச் சோதித்தது. சாதாரணப் பெட்ரோலுக்கென வடிவமைத்த நான்கு, ஆறு, எட்டு சிலிண்டர் கார்களில் விலை கூடிய பெட்ரோலை ஊற்றி டைனமோமீட்டரில் ஏற்றிப் பார்த்தார்கள். குதிரைத் திறனிலோ மைலேஜிலோ புகையிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தேவையே இல்லாமல் அந்தப் பெட்ரோலை வாங்கியதில் அமெரிக்கர்கள் ஓராண்டில் வீணாக்கிய தொகை 210 கோடி டாலர் என்று அதே சங்கம் மதிப்பிட்டது.

"நான் போட்டுப் பார்த்தேனே, பிக்கப் கூடியதே" என்பார்கள். கூடுதல் காசு கொடுத்தவரின் கால் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் நம்பிக்கையோடு மிதிக்கிறது. காலை நேரக் குளிர்ந்த காற்று, காலியான சாலை, டயரில் அப்போதுதான் அடித்த காற்று, இவற்றில் எதுவும் அந்தக் கணக்கில் வருவதில்லை. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உடம்பு உணர்வதை அளவீடாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, செயல்திறனுக்கென்றே கட்டிய கார்களுக்கு என்ன பதில்? இங்கேதான் எதிர்த் தரப்பின் தவறையும் சொல்லியாக வேண்டும். "எல்லாம் கம்பெனிக்காரன் ஏமாற்று, இப்போதைய இன்ஜினில் சென்சார் இருக்கிறது, எதை ஊற்றினாலும் சமாளிக்கும்" என்று அடித்துச் சொல்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். டர்போ வைத்த இன்ஜினில் காற்று அழுத்தத்தோடு உள்ளே போகிறது. சூடும் நெருக்கமும் கூடுவதால் அது நாக்கிங்கின் விளிம்பிலேயே ஓடுகிறது. அங்கே ஆக்டேன் கூடினால் கணினி பொறி நேரத்தை முன்தள்ளும், திறன் கூடும். மாஸ்டா நிறுவனம் தன் 2.5 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு அமெரிக்காவில் இரண்டு எண்களை வெளிப்படையாகவே அறிவித்தது: அந்நாட்டுக் கணக்கில் 93 ஆக்டேன் ஊற்றினால் 250 குதிரைத் திறன், 87 ஊற்றினால் 227. ஒரே இன்ஜின், பத்து விழுக்காடு வேறுபாடு. நேர்மையான அறிவிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும். வாங்குகிறவர் தனக்கு எது வேண்டும் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் எல்லா வேகக் கார்களும் அப்படிப் பதில் சொல்வதில்லை. விலை கூடிய பெட்ரோலைக் கட்டாயமாக்காமல் பரிந்துரை மட்டும் செய்யும் வண்டிகளை ஏ.ஏ.ஏ. அடுத்த ஆண்டு சோதித்தது. சராசரியாக மைலேஜ் 2.7 விழுக்காடும் குதிரைத் திறன் 1.4 விழுக்காடும்தான் கூடின. ஃபோர்டு மஸ்டாங்கில் திறன் 3.2 விழுக்காடு ஏறியது. ஆடி ஏ3-இலோ மைலேஜ் ஒரு விழுக்காடு குறைந்தது. காரின் பெயரையும் விலையையும் வைத்துத் தீர்மானிப்பது எவ்வளவு பயனற்றது என்பதற்கு அந்த ஆடியே சாட்சி.

ஆகவே கையேட்டில் இருக்கும் சொல்லைக் கவனித்துப் படிக்க வேண்டும். "கட்டாயம்" என்று போட்டிருந்தால் பேரம் பேசாதீர்கள். நாக் சென்சார் இருக்கிறதே என்ற துணிச்சலும் கூடாது. நாக்கிங் தொடங்கிய பிறகுதான் அதற்குத் தெரியும். தெரிந்ததும் கணினி பொறி நேரத்தைப் பின்தள்ளி இன்ஜினைக் காப்பாற்றும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அங்கேயே போய்விடும். மே மாதத்துச் சென்னை வெயிலில் இன்ஜினுக்குள் போகும் காற்றே சூடாக இருக்கிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, கியரைக் குறைக்காமல் மிதித்தால் சுற்று குறைந்து பளு ஏறும். நாக்கிங் வருவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. "பரிந்துரை" என்று மட்டும் இருந்தால் ஊருக்குள் ஓட்டச் சாதாரணப் பெட்ரோல், மலையேறும் பயணத்துக்கு ஆக்டேன் கூடியது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை.

எண்களைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் நடக்கிறது. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "அங்கே 87 சாதாரணம், 93 உசத்தி, இங்கே நார்மலே 91, அப்படியானால் நம்முடையது உசத்திதான்" என்று கணக்குப் போடுகிறார்கள். அங்கே பம்பில் எழுதியிருப்பது இரு வேறு சோதனைகளின் சராசரி. அந்த 87 நம் ஆர்.ஓ.என். கணக்கில் கிட்டத்தட்ட 91, அந்த 93 கிட்டத்தட்ட 98. இறக்குமதிக் காரின் கையேட்டைப் படிக்கிறவர்கள் எந்த அளவுகோல் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த வாதம், "ஆக்டேன் கிடக்கட்டும், உள்ளே இருக்கும் கார்பனைச் சுத்தம் செய்யுமே" என்பது. அழுக்கு நீக்கும் சேர்மானங்கள் இருப்பது உண்மை. அவற்றால் பயனும் உண்டு. ஆனால் ஆக்டேனுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் டாப் டியர் என்ற தரத்தின்படி விற்கும் பங்குகளில் எல்லா வகைப் பெட்ரோலிலும், மலிவானதிலும்கூட, அந்தத் தரம் கேட்கும் அளவு சேர்மானம் இருந்தாக வேண்டும். இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. இன்றைய டர்போ கார்கள் பலவற்றில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. காற்று நுழையும் வால்வின் மேல் அது படுவதே இல்லை. அங்கே படிந்த கார்பனை எந்தப் பெட்ரோலாலும் கழுவ முடியாது.

பைக்குகளின் கதை இன்னும் வேதனையானது. யமஹா ஆர்எக்ஸ் 100-ஐக் கோயில்போல் காப்பவர்கள் அதற்கு 100 ஆக்டேன் தேடி அலைகிறார்கள். அதன் அழுத்த விகிதம் 6.7 மட்டுமே. அது வந்த காலத்துச் சாதாரணப் பெட்ரோலைவிட இன்றைய சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் கூடுதல். அன்றாடம் வேலைக்கு ஓட்டும் பெரும்பாலான பைக்குகளில் நாக் சென்சாரே கிடையாது. பொறி நேரத்தை முன்தள்ள வழியில்லாத இன்ஜின், கூடுதல் ஆக்டேனை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

ஆர்எக்ஸ் வைத்திருப்பவர் ஆசைக்குச் செய்கிறார், விட்டுவிடலாம். உணவு டெலிவரி செய்யும் இளைஞர் "மைலேஜ் கிடைக்கும்ணா" என்று நம்பி விலை கூடியதைப் போடும்போதுதான் மனம் பதைக்கிறது. நாளுக்கு நூறு கிலோமீட்டர், லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு லிட்டர். லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்றால் நாளுக்கு 16 ரூபாய், 26 நாளில் 416 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஈடாக அவர் வண்டி ஒரு கிலோமீட்டர்கூடக் கூடுதலாக ஓடாது. அதே பணத்தில் இன்ஜின் ஆயில் மாற்றலாம், ஏர் ஃபில்டர் மாற்றலாம், செயினுக்கு உயவு போடலாம். மைலேஜ் நிஜமாகவே அங்கேதான் இருக்கிறது.

இப்போது எத்தனால் வந்து கணக்கையே மாற்றிவிட்டது. சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் முன்பு 88, பிறகு 91, இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலப்பால் 95 என்று மத்தியப் பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. அப்படியானால் 95 என்று பெயரிட்டுக் கூடுதல் விலைக்கு விற்கும் பெட்ரோலில் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் கூடுதல் ஆக்டேன் எவ்வளவு? இதற்குப் பங்கில் யாரும் பதில் சொல்வதில்லை. இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் வந்தபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய், சாதாரணம் 82 ரூபாய் சொச்சம். இன்று பலர் எத்தனாலுக்கு அஞ்சி, அது கலக்காத பெட்ரோல் என்று இதைத் தேடிப் போகிறார்கள். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களைப் பற்றிய அச்சம் என்றால் அது வேறு பேச்சு. அதில் நியாயம் இருக்கிறது. மைலேஜுக்காக என்றால் நியாயம் இல்லை. பழைய கார்களில் இந்தக் கலப்பால் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்றது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை. அந்த இழப்பைத் தவிர்க்க ஒன்றரை மடங்குக்கும் மேல் விலை கொடுப்பது கூட்டல் கழித்தல் தெரிந்தவர் செய்யும் காரியமில்லை.

மக்கள் தெரியாமல் வாங்குவதற்கு மக்கள் மட்டும் காரணமில்லை. நம் ஊர் பங்குகளில் விலை கூடிய பெட்ரோலின் பெயர் ஆளுயரப் பலகையில் மின்னுகிறது. சாதாரணப் பெட்ரோல் வரும் குழாயில் அதன் ஆக்டேன் எண்ணைத் தேடினாலும் கண்ணில் படுவது அரிது. அமெரிக்காவில் ஒவ்வொரு பம்பிலும் மஞ்சள் வில்லையில் கறுப்பு எழுத்தில் அந்த எண் இருந்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இங்கேயும் ஒவ்வொரு குழாயிலும் ஆக்டேன் எவ்வளவு, எத்தனால் எத்தனை விழுக்காடு என்ற இரண்டு எண்களையும் தமிழில் பெரிதாக ஒட்ட வேண்டும். வண்டி தயாரிப்பவர்கள் குறைந்தபட்ச ஆக்டேனை டேங்க் மூடியிலேயே பொறிக்க வேண்டும். நாட்டின் பெரும்பாலான பங்குகளை நடத்தும் மூன்று எண்ணெய் நிறுவனங்களும் பொதுத்துறையைச் சேர்ந்தவை. இதைச் செய்யச் சொல்வதற்கு அமைச்சகத்தின் ஓர் உத்தரவு போதும்.