ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?

மருந்துச் சீட்டில் 'இரவு உணவுக்கு முன்' என்று எழுதிக் கொடுக்கிறோம். அந்த உணவு ஏழரைக்கா, பத்தரைக்கா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

இப்படி ஒருவரை எல்லோரும் பார்த்திருப்போம். சொந்தமாகக் கடை வைத்திருப்பவர். மாலையில் டீயும் வடையும். ஒன்பதரைக்குக் கடையை அடைத்து வீடு திரும்பி, குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது மணி பத்தே முக்கால். நாலு தோசை. பதினொன்றேகாலுக்குப் படுக்கை. மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை, ஆனாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 160க்குக் கீழே இறங்க மறுக்கிறது. நாமும் விடியற்காலையில் சர்க்கரை ஏறும் வழக்கமான கதைதான் என்று முடிவுகட்டி, இரவு மாத்திரையைக் கூட்டி அனுப்பிவிடுகிறோம். தோசை எத்தனை மணிக்கு என்ற பேச்சே எழுவதில்லை.

எழ வேண்டும். இரவு ஏற ஏற உடலில் மெலடோனின் சுரக்கிறது. கணையத்தின் பீட்டா செல்களிலும் அதற்கான ஏற்பிகள் உண்டு. அவை வழியாக இன்சுலின் சுரப்பு மட்டுப்படுகிறது. ஸ்பெயினில் 845 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், ஒருவருக்கே ஒருநாள் படுக்கைக்கு நான்கு மணி நேரம் முன்பும் இன்னொருநாள் ஒரு மணி நேரம் முன்பும் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். தாமதித்துக் குடித்த நாளில் சர்க்கரை கூடியது, இன்சுலின் குறைந்தது. அவர்கள் யாரும் நீரிழிவு நோயாளிகள் அல்லர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நம் நோயாளியின் தளர்ந்த கணையம் மட்டும் பத்தே முக்கால் மணிச் சுமையைச் சுலபமாகத் தாங்கிவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

உறக்கத்தின் கதை இன்னும் பழையது. 1999இல் சிகாகோவில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால், அவர்கள் இரத்தத்திலிருந்து குளுக்கோஸ் அகலும் வேகம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. 2008இல் அங்கேயே நடந்த இன்னோர் ஆய்வுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தூங்கும் நேரத்தைக் குறைக்காமல், ஒலி எழுப்பி ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் மூன்று இரவுகள் கலைத்தார்கள். இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை சுமார் 25 சதவீதம் சரிந்தது. ஆகவே 'எட்டு மணி நேரம் தூங்குறேன் டாக்டர்' என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. குறட்டை உண்டா, இடையில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று உடன் வந்திருக்கும் மனைவியிடம் கேளுங்கள். பகலில் கண் சொருகுகிறதா என்று நோயாளியிடமே கேளுங்கள். ஆம் என்றால் உறக்கப் பரிசோதனைக்கு அனுப்புவது நம் கடமை.

சீக்கிரம் சாப்பிடுங்கள் என்று சொல்வது எளிது. கடையை ஏழு மணிக்கு அடைக்கச் சொல்ல நாம் யார்? ஏழரைக்குக் கடையிலேயே டப்பா திறந்து பெரும்பங்கைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு தம்ளர் மோரோடு முடித்துக்கொள்ள முடியுமா என்று பேசிப் பார்க்கலாம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பதினொரு மணிக்குத் தட்டு எடுக்கும் அவர் மனைவியையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த நோயாளி அவராகவே இருக்கலாம்.

நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு இந்த யோசனை பொருந்தாது. இரவுப் பணி போன்ற சூழலை ஆய்வகத்தில் அமைத்து 19 பேரிடம் நடத்திய ஆய்வில், பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறவில்லை. இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ஏறியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வேலைக்குக் கிளம்பும் முன் நிறைவாகச் சாப்பிட்டு, நள்ளிரவு கேன்டீன் சோற்றைக் குறைக்கச் சொல்ல அது போதுமான காரணம்.

ஒரு எச்சரிக்கை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரிடம் நேரத்தைக் கேட்காமல் உணவை மாற்றச் சொல்லாதீர்கள். பத்தரைச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்தவர், பழைய நேரத்திலேயே பத்து மணிக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு படுத்தால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து எழுவார். உணவு நகர்ந்தால் ஊசியும் நகர வேண்டும், அளவும் மறுபடி பார்க்கப்பட வேண்டும். அந்த மணியைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.