அடகுக் கடைக்குப் போகுமுன்



சென்ற மாதம் ஒரு போயா தினத்தன்று கொட்டாஞ்சேனையில் நமது தோட்டத்துப் பிள்ளைகள் தங்கியிருக்கும் ஓர் அறைக்குப் போயிருந்தோம். ஒரே அறையில் ஆறு பேர். நான்கு பேர் எங்களிடம் படித்தவர்கள். ஒருவர் செட்டியார் தெருவில் நகைக் கடையில், இருவர் ஹோட்டலில், மற்றவர்கள் வெள்ளவத்தையில் காலி வீதிப் புடவைக் கடைகளில் வேலை. எல்லோருடைய அம்மா அப்பாவும் இன்னும் தோட்டத்தில் பேர் போடுகிறவர்கள், நமது சங்கத்தின் அங்கத்தவர்கள்.

அதில் ஒரு தம்பி சுவரில் சாய்ந்து மெதுவாகத்தான் உட்கார்ந்தார். ஒரு நாள் இரவு வயிற்று வலி தாங்காமல் நண்பர்கள் பக்கத்திலிருந்த தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன் நடந்தது. பில்லைக் கட்ட, தோட்டத்திலிருக்கும் அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துக் காசு அனுப்பினார். பல வருஷம் கொழுந்து கிள்ளிச் சேர்த்த சங்கிலி அது.

சம்பளத் துண்டு இருக்கிறதா என்று கேட்டோம். பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தார். அதில் ஈ.பி.எப். இருந்தது, ஈ.டி.எப். இருந்தது. அதற்குக் கீழே "மெடிக்கல் இன்சூரன்ஸ்" என்று ஒரு வரியும் இருந்தது. "அது ஏதோ வெட்டுற காசு என்று நினைத்தேன் சேர்" என்றார். அவருடைய பெயரில் இரண்டு வருஷமாக ஒரு காப்புறுதி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான அட்டை முதலாளியின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. கடையில் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

குற்றத்தை முதலாளி மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. சம்பளப் போராட்டத்தைப் பற்றி நாம் நூறு கூட்டம் போட்டிருக்கிறோம். சம்பளத்தோடு சேர்ந்து வரும் வைத்திய உரிமைகளைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டோம்? மாதாமாதம் சந்தா வாங்கும் சங்கம் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நோய் வந்தால் எந்தக் கதவை முதலில் தட்டுவது, எதைக் கடைசியில் தட்டுவது என்று ஒரு வரிசை இருக்கிறது. நமது குடும்பங்கள் அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கின்றன. முதலில் அடகுக் கடை, பிறகு வட்டிக்காரர், பிறகு ஈ.பி.எப். காசு. உரிமையாக வரவேண்டியதைக் கடைசியில்கூடக் கேட்பதில்லை.

முதல் கதவு அரசாங்க வைத்தியசாலை. அங்கே சிகிச்சை இலவசம். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலை கிட்ட. திடீர் வருத்தம், விபத்து, பெரிய ஒப்பரேஷன் எல்லாவற்றுக்கும் ஆயத்தமான இடங்கள் இவை. தனியார் வைத்தியசாலை நல்லது, அரசாங்க வைத்தியசாலை ஏழைகளுக்கானது என்ற நினைப்பை விடவேண்டும். பல டொக்டர்மார் காலையில் அரசாங்க வைத்தியசாலையில் வேலை செய்துவிட்டு மாலையில் தனியாரில் செனல் பார்க்கிறார்கள். டொக்டர் ஒருவர்தான், பில் மட்டும் வேறு.

இரண்டாவது கதவு, வேலையால் வந்த காயத்துக்கான நட்டஈடு. மலையில் குளவி கொட்டினாலும், தொழிற்சாலையில் கை அடிபட்டாலும், கடையில் ஏணியிலிருந்து விழுந்தாலும் பொறுப்பு தொழில் தருபவருடையது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது. 2022இல் வந்த திருத்தம் வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் சேர்த்தது. இதற்கு ஆதாரம் வேண்டும். குளவி கொட்டிய அன்றே தோட்டத்து டிஸ்பென்சரிப் புத்தகத்தில் நேரத்தோடு பதியச் சொல்லுங்கள். வைத்தியசாலையில் "எப்படி நடந்தது" என்று கேட்கும்போது "வேலை செய்யும்போது" என்று சொல்லுங்கள். துரைக்கோ முதலாளிக்கோ பயந்து "வீட்டில் விழுந்தேன்" என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தையோடு நட்டஈடு போய்விடும்.

மூன்றாவது கதவு, கம்பனி எடுத்துத் தரும் காப்புறுதி. கொழும்பில் பெரிய கடைகள், ஆடைத் தொழிற்சாலைகள், அலுவலகங்கள் பலவற்றில் இது உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சில விஷயங்களைக் கேட்டு எழுதி வைக்கவேண்டும். தங்கிச் சிகிச்சை பெற்றால் மட்டுமா, மருந்து எடுத்து வீடு திரும்பினாலும் உண்டா? வருஷத்துக்கு எவ்வளவு வரை? அறைக் கட்டணத்துக்குத் தனி எல்லை இருக்கிறதா? மனைவி, பிள்ளை, அம்மா அப்பா சேர்வார்களா? ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காத்திருக்கும் காலம் உண்டா? எத்தனை நாளுக்குள் பில் கொடுக்க வேண்டும்?

வருஷ எல்லை பெரும்பாலும் அடுத்த வருஷத்துக்குக் கூடி வராது. அதற்காகச் சாதாரணக் காய்ச்சலுக்குத் தனியாரில் படுத்து அந்தத் தொகையைக் கரைத்தால், பிறகு பெரிய வருத்தம் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. அரசாங்கத்தில் இலவசமாகக் கிடைப்பதை அங்கேயே எடுங்கள். அங்கே வரிசை நீளமாக இருக்கும் ஸ்கேன், பரிசோதனை போன்றவற்றுக்குக் காப்புறுதியைப் பாவியுங்கள். சில காப்புறுதிகள் அரசாங்க வைத்தியசாலையில் தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை தருகின்றன. அப்படியானால் இலவச வைத்தியமும் கிடைக்கும், வேலைக்குப் போகாத நாளின் செலவுக்குக் கொஞ்சம் காசும் கிடைக்கும். உங்கள் காப்புறுதியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான்காவது கதவு ஈ.டி.எப். என்று நாம் சொல்லும் ஊழியர் நம்பிக்கை நிதியம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்து, 1981 மார்ச்சில் தொடங்கியது. தொழில் தருபவர் நமது சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்டவேண்டும். நமது சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக்கூடாது. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா நாட்சம்பளத்தில் 25 நாள் பேர் விழுந்தால் மாதம் 33,750 ரூபா. அதில் 3 சதவீதம் 1012 ரூபா 50 சதம். அந்தச் சம்பளக் கணக்கில் வருஷத்துக்கு 12,150 ரூபா ஒரு தொழிலாளியின் பெயரில் போனது.

வேலையை விட்ட பிறகு எடுக்கும் காசு என்று மட்டுமே இதைப் பலர் நினைக்கிறார்கள். வேலையில் இருக்கும்போதே இந்த நிதியத்திலிருந்து கேட்கக்கூடிய உதவிகள் உண்டு. இருதய ஒப்பரேஷன், சிறுநீரக மாற்று, கண்ணுக்கு லென்ஸ் வைத்தல், நிரந்தர இயலாமை ஆகியவற்றுக்கு உதவி இருக்கிறது. அங்கத்தவர் இறந்தால் குடும்பத்துக்குக் காப்புறுதித் தொகை இருக்கிறது. வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றதற்கும் ஒரு திட்டம் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளைக்கும் பணம் உண்டு. இந்த வைத்திய உதவிகள் வேலையில் இருந்து காசு கட்டப்பட்டு வரும் அங்கத்தவர்களுக்கானவை. கண்ணில் பூ விழுந்த அக்கா ஒருவர் பென்ஷன் எடுத்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டால் அந்த உரிமையையும் தள்ளிவிடுகிறார். பேர் போடும் காலத்திலேயே கண் கிளினிக்குக்குப் போங்கள்.

ஐந்தாவது கதவு ஈ.பி.எப். நமது 8 சதவீதம், தொழில் தருபவரின் 12 சதவீதம். வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 சதவீதம் வரை முன்கூட்டி எடுக்க 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. இதைக் கடைசியில் வைக்கிறோம். இது வயதான காலத்துச் சோறு. மற்ற நான்கு கதவுகளையும் தட்டிப் பார்க்காமல் இதில் கை வைக்கக்கூடாது.

சரி, உரிமை இருந்தும் ஏன் கிடைப்பதில்லை? நாங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்களில் திரும்பத் திரும்பக் கண்டது பெயர்ப் பிழை. அடையாள அட்டையில் லெட்சுமி, செக்ரோலில் லெச்சுமி, பிறப்புச் சான்றிதழில் இலட்சுமி. ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் மூன்று விதம். ஒரு எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வருகிறது. நோய் வந்த பிறகு பெயரைத் திருத்த ஓடமுடியாது. இன்றைக்கே பார்த்துத் திருத்துங்கள். அடுத்தது, வைத்தியசாலையை விட்டு வரும்போது நோய் அட்டையை வாங்காமல் வருவது. அட்டை, மருந்துச் சீட்டு, பில் எல்லாவற்றையும் போட்டோப் பிரதி எடுத்து ஒரே கவரில் வையுங்கள். மூன்றாவது, முதலாளி காசு கட்டாமலே இருப்பது. கொழும்பில் பல சின்னக் கடைகளில் நமது பிள்ளைகளுக்கு மெம்பர் நம்பரே இல்லை. "புதுப் பையன்", "ஆறு மாசம் போகட்டும்" என்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், தற்காலிகமாகச் செய்தாலும், முதல் நாளிலிருந்து கட்டவேண்டும். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். தனியாகப் போகப் பயந்தால் சங்கம் கூட வரும்.

சில தோழர்கள் எங்களிடம் கோபித்தார்கள். "தோட்டத்தில் ஒழுங்கான டொக்டர் இல்லை, அம்புலன்ஸ் இல்லை, நீங்கள் பார்ம் நிரப்பச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. தோட்டச் சுகாதாரத்தை முழுமையாக அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்பது நமது கோரிக்கை, அதைக் கைவிடவில்லை. காப்புறுதித் தொகை எந்தக் குடும்பத்தின் வறுமையையும் தீர்க்காது என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கோரிக்கை வெல்லும் வரைக்கும் நமது பெயரில் கட்டப்படும் காசை யாரும் கேட்காமல் விடுவது போராட்டமாகாது. அடகுக் கடைக்கு வட்டி கட்டும் குடும்பம் வேலைநிறுத்தத்தில் இரண்டு நாள் தாக்குப்பிடிப்பதும் கஷ்டம்.

ஆகவே சங்கத்திடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் படித்த இளைஞர் அல்லது யுவதி ஒருவரை இந்த வேலைக்குப் பயிற்றுங்கள். பெயர், மெம்பர் நம்பர், அடையாள அட்டை இலக்கம் எழுதிய ஒரு கொப்பியை மாதர் சங்கத் தலைவியிடம் கொடுங்கள். கொழும்பில் இருக்கும் நமது பிள்ளைகளுக்காக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்ப ஏற்பாடு செய்யுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் லீவு நாளில் வருகிறோம். சிங்களப் பாரத்தையும் ஆங்கில நோய் அட்டையையும் வாசித்துச் சொல்ல எங்களால் முடியும்.

அந்தத் தம்பியின் கம்பனிக் காப்புறுதிக்கும் ஈ.டி.எப். உதவிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அம்மாவின் சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் சம்பளத் துண்டையும் அடையாள அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையிடம் இன்று இரவே போன் எடுத்து, "உன் ஈ.டி.எப். நம்பர் என்ன?" என்று கேளுங்கள்.