மாயாஜாலக் கதை படிச்சா பிள்ளை கெட்டுப்போகுமா? தமிழ் வாசிப்பு எந்த வயதில் நின்றுபோகிறது?

ஒரு மரப்பாச்சி பொம்மை பள்ளிச் சிறுமியிடம் பேசத் தொடங்குகிறது. இந்தக் காலத்துச் சிறுவன் ஒருவன் பழங்காலக் கீழடிக்குள் போய் விழுகிறான். ஓவியா என்ற சிறுமிக்கு ஒற்றைச் சிறகு. மூன்றுமே சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் விருது வாங்கிய தமிழ்க் கதைகள். யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ல் வாங்கியது, உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-ல், விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025-ல். ஆறு ஆண்டுகளில் மூன்று முறை மாயக் கதைக்கே பரிசு போயிருக்கிறது.

நல்ல செய்திதான். ஆனா, இந்த மூன்றில் ஒன்றையாவது கையில் வைத்திருக்கிற 10 வயதுப் பிள்ளையை உங்கள் தெருவில் பார்த்திருக்கிறீர்களா? அநேகமாக இருக்காது. அதே தெருவில் ஹாரி பாட்டர் யாரென்று தெரியாத பிள்ளையும் இருக்காது. புத்தகமாகப் படிக்காவிட்டாலும் படமாகவாவது பார்த்திருப்பாங்க. ஆக, மாயக் கதை பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. தமிழில் அது அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் சிக்கல். அதுவும் சரியாக எந்த வயதில் சேர வேண்டுமோ, அந்த வயதில்.

படிக்கத் தெரிந்தால் போதுமா?

கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ஆய்வு 'அசர்'. அதன் 2022 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் 5-ம் வகுப்புப் பிள்ளைகளில் 2-ம் வகுப்பு அளவிலான பகுதியைப் படிக்க முடிந்தவர்கள் 25.2% மட்டுமே. 2018-ல் இது 40.7% ஆக இருந்தது. நடுவில் கொரோனாவால் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை மறந்துவிடக் கூடாது. 2024 அறிக்கையில் நிலைமை ஓரளவு மீண்டிருக்கிறது.

அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. மாணவர்களுக்கென்றே 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைப் பள்ளிக்கல்வித் துறை கொண்டுவந்தது. 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகச் சிறு புத்தகங்கள் வந்தன. பெயர் வைத்தவரைப் பாராட்டலாம், பிள்ளைக்குத் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடும்.

இவையெல்லாம் மெல்லிய புத்தகங்கள். தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கணும். 'பற' வரைக்கும் வந்துவிட்ட பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுப்பது என்பதுதான் கேள்வி. 100, 150 பக்கங்களுக்கு ஒரே கதையை இழுத்துப் பிடித்துப் படிக்கிற பழக்கம் வர வேண்டிய வயது 9 முதல் 12. தமிழில் சின்னக் குழந்தைகளுக்குப் படக்கதைகள் இருக்கின்றன. பெரியவர்களுக்குப் பொன்னியின் செல்வன் தொடங்கி எவ்வளவோ இருக்கிறது. நடுவில் இருக்கிற அந்த நான்கு வருடத்துக்குத்தான் அலமாரி காலி.

இதில் மதிப்பெண் கணக்கும் இருக்கிறது. 5-ம் வகுப்பைத் தாண்டினால் அறிவியலும் சமூக அறிவியலும் நீளமான பத்திகளாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லையும் கூட்டிக் கூட்டிப் படிக்கிற பிள்ளை வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடும். வேகம் வர நிறையப் படிக்கணும், வேறு வழி கிடையாது. நன்றாகப் படிக்கிறவர்கள் மேலும் படித்து முன்னேற, தடுமாறுகிறவர்கள் படிப்பதையே தவிர்த்து மேலும் பின்தங்குவதை உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986-லேயே விளக்கினார். 2000-ல் பல நாடுகளில் 15 வயது மாணவர்களிடம் நடந்த பீசா தேர்விலும் ஒரு விஷயம் தெரிந்தது. ஆர்வமாகப் படிக்கிற, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், ஆர்வமில்லாத வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட வாசிப்பில் அதிக மதிப்பெண் எடுத்திருந்தார்கள்.

தமிழுக்கு இன்னொரு கூடுதல் சிக்கல். வீட்டில் "போயிட்டிருந்தப்ப" என்று பேசுகிற பிள்ளை, புத்தகத்தில் "போய்க்கொண்டிருந்தபோது" என்பதைச் சந்திக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று மூளைக்குப் பழகணும். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழ்ப் பாடநூலைத் தவிர இந்தப் பழக்கம் கிடைக்க வேறு இடமே இல்லை.

அதற்கு ஏன் மாயக் கதை?

அடுத்த பக்கத்தைத் திருப்ப வைக்கிற கதை எதுவானாலும் சரிதான். ஆனால் அந்த வேலையை மாயாஜால சாகசக் கதை அளவுக்கு வேறெதுவும் செய்வதில்லை. குகைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிள்ளையால் தூங்க முடியாது. தெரியாத சொல் வந்தால்கூட நிற்காமல் ஊகித்துக்கொண்டு ஓடும். பாடநூலில் அதே சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடும்!

ஹாரி பாட்டர் கதை இதற்கு நல்ல உதாரணம். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி அது. கடைசியாக புளூம்ஸ்பரி பதிப்பகத் தலைவர் முதல் அத்தியாயத்தை வீட்டுக்கு எடுத்துப் போக, அவரது 8 வயது மகள் படித்துவிட்டு மீதி எங்கே என்று கேட்டதால் புத்தகமானது. 1997-ல் கெட்டி அட்டையில் அச்சிட்டது வெறும் 500 பிரதிகள். மூன்றே வருடத்தில், 2000-ல் வந்த நான்காம் பாகம் 636 பக்கம். அத்தனை பக்கத்தையும் பிள்ளைகள் விடாமல் படித்தார்கள். பெரியவர்களின் புத்தகங்களுக்கு இடமே இல்லாமல் போய்விடும் போல இருந்ததால், நியூயார்க் டைம்ஸ் அந்த ஆண்டு சிறுவர் நூல்களுக்கென்று தனி விற்பனைப் பட்டியலையே தொடங்கியது. இந்தக் காலப் பிள்ளைக்குப் பொறுமை இல்லை, நீளமாகப் படிக்காது என்று சொல்கிறவர்கள் இந்த 636 என்ற எண்ணை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

தொடர்கதைக்கு இன்னொரு வசதியும் உண்டு. முதல் பாகத்தில் அந்த உலகத்தையும் ஆட்களையும் தெரிந்துகொள்ளப் பிள்ளை கொஞ்சம் கஷ்டப்படும். இரண்டாம் பாகத்தில் எல்லாரும் தெரிந்தவர்கள். படிப்பது திடீரென்று சுலபமாகிவிடும்.

வேகம், மதிப்பெண் எல்லாம் ஒருபக்கம். 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' செய்யும் வேலை வேறு. ஒரு சிறுமி அனுபவிக்கும் பாலியல் சீண்டலைப் பற்றிய கதை அது. வீட்டில் அப்பா, அம்மாவே பேசத் தயங்குகிற விஷயத்தை ஒரு பொம்மை பேசுகிறது. யாரிடமும் சொல்ல முடியாத சிறுமி பொம்மையிடம் சொல்கிறாள். அறிவுரையாகச் சொல்லியிருந்தால் பிள்ளை தலையாட்டிவிட்டு மறந்திருக்கும். கதையாக வரும்போது, தனக்கும் அப்படி ஒன்று நடந்தால் வாயைத் திறக்கலாம் என்ற தைரியம் ஓசையில்லாமல் உள்ளே போய்விடும். 'சும்மா மாயாஜாலம்' என்று ஒதுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அப்போ எப்படி இருந்தது?

1947-ல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தொடங்கிய 'அம்புலிமாமா'வை நினைவிருக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர். விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும் அந்தப் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல்தான் காலமானார். அந்த இதழின் மாயாஜாலத் தொடர்களைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்ரமணியம். தமிழ்ப் பிள்ளைகள் அதைத் தமிழாகவே படித்து வளர்ந்தார்கள். 1972-ல் 'முத்து காமிக்ஸ்' கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியும் பிரிட்டிஷ் படக்கதைதான். அசல் தமிழ் மண் வாசனை இருக்கா என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. தமிழிலேயே எழுதிக் குவித்தவர் வாண்டுமாமா. வி.கிருஷ்ணமூர்த்தி என்ற அவர் பெரியவர்களுக்கு 'கௌசிகன்' என்ற பெயரில் எழுதினார், பெயர் நிலைத்ததோ வாண்டுமாமா என்றுதான்.

அந்தக் கதைகளெல்லாம் உயர்ந்த இலக்கியமா என்பது வேறு விவாதம். முக்கியமானது, அவை பெட்டிக்கடையில் தொங்கின. மாதாமாதம் வந்தன. 'தொடரும்' என்று முடிந்தன. ஒரு இதழ் பத்துக் கைகள் மாறியது. வாசகரை உருவாக்கியதில் எழுத்தாளருக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு அந்தக் கடைக்காரருக்கும் உண்டு.

அந்த ஏற்பாடு இப்போது இல்லை. அம்புலிமாமா நின்றுவிட்டது. கோகுலம், சுட்டி விகடன் இரண்டின் அச்சு இதழ்களும் இல்லை. சிவகாசியிலிருந்து லயன்-முத்து காமிக்ஸ் இன்றும் வருகிறது. ஆனால் ஆசையாக வாங்குகிறவர்களைப் பார்த்தால் பலரும் தலை நரைத்த அன்றைய சிறுவர்கள்! இன்றைக்கு ஒரு நல்ல சிறார் நாவல் வேண்டுமென்றால் புத்தகக் கண்காட்சிக்குப் போகணும், இல்லை பதிப்பகத்தின் பெயர் தெரிந்து ஆன்லைனில் வாங்கணும். இரண்டுக்குமே வீட்டில் ஏற்கெனவே படிக்கிற ஒரு பெரியவர் இருந்தாகணும்.

மூடநம்பிக்கை வளராதா?

பேய், மந்திரம், தாயத்து என்று படித்தால் பிள்ளை அதை நம்பிவிடாதா என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. கதை வேறு, நிஜம் வேறு என்பது 9, 10 வயதில் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். இரா.நடராசன் வேதாளத்தையே அறிவியல் பேச வைத்து எழுதிய 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' 2014-ல் இதே பால சாகித்ய விருதை வாங்கியது.

கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. பழைய மாயக் கதைகளில் கெட்டவன் கறுப்பாக இருப்பான், இல்லை கூன் விழுந்து இருப்பான். இளவரசி, ஜெயித்தவனுக்குப் பரிசு. இதை அப்படியே கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசணும். புதிதாக எழுதுகிறவர்கள் இதை மாற்றியிருக்கிறார்கள். மேலே சொன்ன மூன்று விருதுக் கதைகளில் இரண்டில் மையத்தில் நிற்பது சிறுமிகள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு கேள்வியை விட்டுவிடுங்கள்: "இந்தக் கதையிலிருந்து என்ன கத்துக்கிட்டே?" படித்து முடித்ததும் பரீட்சை வந்தால் அடுத்த புத்தகத்தை யார் எடுப்பார்கள்? "அந்தச் சூனியக்காரி இடத்துல நீ இருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசும்.

புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். ஏதாவது ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். ஐந்து சொற்களுக்கு மேல் புரியவில்லை என்றால் அது இப்போதைக்குக் கஷ்டமான புத்தகம், நீங்கள் படித்துக் காட்டலாம். காமிக்ஸும் வாசிப்புதான். பத்துப் பக்கத்தில் போர் அடித்தால் மூடி வைக்கவும் விடுங்கள். நாமும் பிடிக்காத படத்தில் இடைவேளையில் எழுந்து வந்திருக்கிறோமே.

காசு செலவழிக்காமலும் தொடங்கலாம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஊரில் இருக்கிற கிளை நூலகத்தில் சிறுவர் நூல் அலமாரி எங்கே என்று கேளுங்கள். கேட்க ஆள் வந்தால்தான் அங்கே புதுப் புத்தகமும் வரும். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், இந்தச் செய்தியைப் படிக்கிற போனிலேயே திறக்கலாம். ஆனால் அவை பெரும்பாலும் குட்டிக் கதைகள், 7 வயதுக்குப் பொருந்தும்.

10 வயதுப் பிள்ளைக்கு நாவல் கொடுக்கிறீர்கள் என்றால் முதல் அத்தியாயத்தை மட்டும் நீங்கள் சத்தமாக வாசியுங்கள். கதவு திறக்கப்போகும் இடத்தில் நிறுத்திவிட்டு, "மீதி நாளைக்கு" என்று புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுங்கள்.