கூரைக்குள் ஒரு குடித்தனம்

விடியற்காலையிலே தேநீர்க் கோப்பையுடன் விறாந்தையில் அமர்கின்றோம். தலைக்குமேல் ‘கறகற’வென்று ஓர் ஓசை. சிறிது நேரம் அமைதி. பின்னர் யாரோ கொட்டைப்பாக்கை உருட்டிவிட்டாற்போல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓர் ஓட்டம். மாவும் பலாவும் தென்னையும் சூழ்ந்த வளவுகளில், ஓட்டுக் கூரையின்கீழ் வாழும் எம்மவர்க்கு இவ்வோசையை விளக்கவேண்டியதில்லை. அணிற்பிள்ளை குடிவந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி, கோப்பாய் என யாழ்ப்பாண நகரைச் சூழ்ந்த ஊர்களில் மட்டுமன்று; கொழும்பின் புறநகர்களிலும் கண்டியின் மலைச்சரிவு வீடுகளிலும் இதே கதைதான். மரமுள்ள இடத்தில் அணில் உண்டு. அருகே கூரையில் ஓர் இடுக்கும் இருந்துவிட்டால் அங்கே அதன் கூட்டையும் எதிர்பார்க்கலாம். இவ்வாரம் இதுபற்றிச் சிறிது பேசுவோம். பேசுவதற்கு எமக்கு ஓர் உரிமையும் உண்டு. ஏனெனில் இவ்விடயத்திற் பெரும் பிழையொன்றைச் செய்து, அதன் பின்னரே பாடம் கற்றவர்கள் நாம்.

சென்ற ஆண்டு மாசி மாதம். சீலிங்கிற்கு மேலே இரைச்சல் பொறுக்கமுடியாததாயிற்று. தாழ்வாரத்து மூலையில் ஓர் ஓடு சற்றே விலகியிருந்தது. அவ்வழியே அணிலொன்று வாயில் தும்புடன் உள்ளே போவதும் வெறும் வாயுடன் வெளியே வருவதுமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, அணில் வெளியே சென்றதைக் கண்ணாற் கண்டபின், மேசனை அழைத்துச் சீமெந்து குழைத்து அவ்வழியை அடைப்பித்தோம். கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, காரியம் முடிந்தது என்ற நிறைவோடு பத்திரிகையை விரித்தோம்.

பிற்பகலில் தொடங்கிற்று அந்தக் குரல். தாயணில் ஓட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, வாலை உதறி உதறி இடைவிடாது கத்தியது. சுவரில் இறங்கும், மீண்டும் ஏறும், சீமெந்தை நகத்தாற் கீறும், அருகிலிருந்த கைமரத்தைப் பல்லாற் கறும்பும். ஆறாந் தரத்திற் படிக்கும் எம் மகள் முற்றத்தில் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

“அப்பா, அது உள்ளுக்கை போகத்தான் கத்துது. உள்ளை அதின்ரை குட்டியள் இருக்கும்.”

“அப்படியொன்றும் இராது. நாளைக்கு வேறு மரம் பார்த்துப் போய்விடும்” என்றோம். பிள்ளைகளுக்கு நாடோறும் பாடஞ் சொல்லும் எமக்கு அன்று பாடஞ் சொன்னது ஒரு பிள்ளை. நாம் செவி கொடுக்கவில்லை.

மறுநாட் காலையிலும் அக்குரல் ஓயவில்லை. இரவு உணவை மறுத்த மகள் காலையுணவையும் தொடவில்லை. ஈற்றில் ஓடாவியாரை அழைத்தோம். நண்பகலளவில் அவர் நான்கு ஓடுகளைக் கழற்றினார். உள்ளே வளையோடு ஒட்டியபடி, தும்பும் பன்னாடையும் எம் வீட்டுப் பழஞ்சேலையின் நூலும் கலந்து பின்னிய அழகியதொரு கூடு. அதனுள் மயிர் முளையாத, கண் திறவாத குட்டிகள் மூன்று. இரண்டு அசைந்தன. ஒன்று குளிர்ந்துபோயிருந்தது.

ஓடாவியார் கூட்டை அப்படியே தூக்கி ஒரு சிறு பனையோலைப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கூரை விளிம்பிற் கட்டிவிட்டு இறங்கினார். நாமெல்லாரும் உள்ளே சென்று யன்னல் வழியே பார்த்திருந்தோம். அரைமணி நேரமாகவில்லை. தாய் வந்தது, ஒரு குட்டியை வாயிற் கவ்விக்கொண்டு தென்னையின் வட்டுக்கு ஏறியது, திரும்பி வந்து மற்றதையும் கொண்டுபோயிற்று. மூன்றாவது முறையும் வந்து பெட்டிக்குட் பார்த்தது. இறந்த குட்டியை மகள் மாதுளையின் அடியிற் புதைத்தாள். எம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எமக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஆயினும் அன்று கூரைக்குள் இன்னொன்றையும் கண்டோம். கூட்டின் அருகே சென்ற மின்கம்பியின் மேலுறை ஒரு சாண் நீளத்துக்குக் கொறிக்கப்பட்டு, உள்ளிருந்த செம்பு பளபளத்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டியபடியே உலர்ந்த தும்புக் குவியல். ஒரு பொறி போதும். கீழே நான்குபேர் உறங்கும் அறை. அணிலை அங்கிருந்து அகற்றவேண்டுமென்ற எமது முடிவு சரியானதே. அகற்றிய முறைதான் பிழையானது. ஆதலாற் சரியான முறையைச் சொல்வது எம் கடமையாகின்றது.

முதலில் அணிலை அறிந்துகொள்வோம். முதுகில் மூன்று வெண்கோடுகளுடன் எம் வளவுகளில் ஓடித்திரியும் இவ்வணில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. நிறை ஏறக்குறைய 100 கிராம். சேது கட்டிய காலத்தில் இராமபிரான் தடவிக்கொடுத்த விரல்களின் அடையாளமே அக்கோடுகள் என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. விலங்கியல் கூறுவது வேறொரு செய்தி. கொறிக்கும் பிராணிகளின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும்; தேய்க்காவிட்டால் அவை நீண்டு வாய்க்கே கேடாய் முடியும். ஆகவே அணில் மரத்தைக் கொறிப்பதும் மின்கம்பியைக் கொறிப்பதும் குறும்பினாலன்று. அதன் உடலின் தேவையினால்.

பெண்ணணில் ஏறக்குறைய 34 நாள் கருச்சுமந்து பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகளை ஈனும். அவை பால் மறப்பதற்கு ஏறக்குறைய 10 வாரமாகும். குளிர்நாடுகளிற் போல இங்கே ஈனும் பருவம் குறுகியதன்று. இந்த மாதத்திற் குட்டியிராது என்று நம்பி அடைத்துவிடத்தக்க மாதம் நமக்கில்லை. நாம் செய்த பிழையின் வேர் இதுவே.

இனிச் செய்யவேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, மேலே இருப்பது யார் என்று அறிதல். அணில் பகலில் உழைத்து இரவில் உறங்கும். காலையிலும் மாலையிலும் ஓசை கேட்டால் அணில் என்று கொள்ளலாம். நள்ளிரவில் ஓடினால் அது எலி. பாரமான காலடியும் நாற்றமும் சேர்ந்தால் மரநாய். ஆளை அறியாது வழியை அடைப்பது நோயை அறியாது மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, வழிகளைக் கண்டுபிடித்தல். நல்ல வெயில் நேரத்திற் சீலிங்கிற்கு மேலே தலையை நீட்டி, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். எங்கெங்கே வெளிச்சம் புகுகின்றதோ அங்கெல்லாம் அணிலும் புகலாம். ஒன்றரை அங்குல இடுக்கே அதற்குப் போதும். முகட்டோட்டின் அடி, சுவரும் கைமரமும் சந்திக்கும் இடம், அரைவட்ட நாட்டோடுகளின் திறந்த முனை, மின்கம்பி உள்ளே நுழையும் துளை ஆகியன வழக்கமான வாயில்கள்.

மூன்றாவது, உள்ளே குடியிருப்பு உண்டா என்று சோதித்தல். பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி ஒவ்வொரு வழியிலும் தளர்வாகச் செருகிவையுங்கள். குடியிருக்கும் அணில் அதனை இழுத்தெறிந்துவிடும். மழையில்லாத மூன்று நாளுக்குத் தாள் அசையாதிருந்து, உள்ளே ஓசையும் இல்லையாயின் அவ்வழியை அடைக்கலாம். தாள் வீழ்ந்திருப்பின், அடைக்குமுன் குட்டி உண்டா என்று கண்ணாற் பார்த்தே ஆகவேண்டும். இவ்வளவு சிறிய சோதனையை நாம் செய்திருந்தால் மாதுளையின் கீழ் ஒரு குழி வெட்டவேண்டி வந்திராது.

நான்காவது, குட்டி இருப்பின் பொறுத்தல். தேர்ந்த மின்வேலையாளரை அழைத்து, அப்பகுதிக் கம்பி பழுதில்லாதிருக்கின்றதா என்று பார்ப்பித்து, பழுதாயின் அதன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சில வாரம் காத்திருக்கலாம். காத்திருக்க முடியாதாயின், எமது ஓடாவியார் செய்ததுபோலப் பகலில் ஓட்டைக் கழற்றி, கூட்டோடு குட்டிகளைத் தாய்க்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு விலகிவிடலாம். கையுறை அணிந்துகொள்க. கடித்துவிட்டாற் காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி வைத்தியரிடம் காட்டுக.

ஐந்தாவது, அடைத்தல். பிளாத்திக்கு, சாக்கு, மெல்லிய பலகை ஆகியவற்றை அணில் ஒரு நாளிற் கடித்துத் தள்ளிவிடும். கண் அரை அங்குலத்துக்கு மேற்படாத, நாகம் பூசிய இரும்பு வலையே ஏற்றது. காற்றுப் போகும் வழிகளைச் சீமெந்தால் மூடிவிட்டாற் கூரைக்குள் வெப்பம் அடைபடும். வலையிட்டால் காற்றும் வரும், அணிலும் வராது. குட்டியில்லாத அணில் வெளியேற மறுத்தால், மற்ற வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, எஞ்சிய ஒரு வழியில் வெளிப்புறமாக மட்டும் திறக்கும் சிறு வலைக் கதவொன்றைத் தொங்கவிடுக. வெளியே சென்றது மீண்டும் உள்ளே வராது. மூன்று நாள் அமைதி நிலவிய பின் அதனையும் அடைத்துவிடலாம்.

ஆறாவது, மரம். கூரையைத் தொடும் கிளைகளை ஆறு முதல் எட்டு அடி தூரத்துக்குத் தறித்துவிடல் நன்று. ஆனால் அணிலுக்காக மாமரத்தையே அடியோடு வெட்டும் அன்பர்களுக்கு ஒரு சொல்: அணில் சுவரிலும் ஏறும், மின்கம்பியிலும் நடக்கும். மரம் போனால் நிழல்தான் போகும். அடைக்கவேண்டியது ஓட்டின் இடுக்கையே.

செய்யத்தகாதவை மூன்று. நஞ்சு வைத்தல் தகாது. அணில் சீலிங்கினுள் இறந்து அழுகுவதோடு, நஞ்சு பூனைக்கும் காகத்துக்கும் போய்ச் சேரும். நாப்தலின் உருண்டைகளை அள்ளி வீசுவதும் தகாது. அணிலை அகற்ற அதனை நம்ப முடியாது. அதன் ஆவியோ கீழே உறங்கும் மனிதருக்குக் கேடு. சில குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே உள்ள ஒரு குருதிக் குறைபாட்டினால், நாப்தலின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கவும் கூடும். பொறியிற் பிடித்துத் தொலைதூரம் கொண்டுபோய் விடுதலும் தகாது. இடுக்கு திறந்திருக்கும்வரை வெற்றிடத்துக்கு இன்னொன்று வரும். பிடிபட்டது தாயாயின் குட்டிகளின் கதி சொல்லவேண்டியதில்லை.

இத்தொல்லை எமக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் வாழும் எம் உறவினர் வீடுகளிலும் இதே முறைப்பாடு உண்டு. அங்குள்ள சாம்பலணில் அரைக்கிலோ அளவு நிறையுடையது. ரொறன்ரோவிற் பல கரிய நிறத்தவை. பலகையாலான கூரை விளிம்பைக் கடித்துத் தானே வாயில் அமைத்துக்கொள்ள வல்லது. குளிர்காலத்தின் இறுதியிலும் கோடையிலுமாக ஆண்டுக்கு இருமுறை ஈனும். பிடித்த விலங்கை ஒரு கிலோமீற்றருக்கு அப்பாற் கொண்டுசென்று விடக்கூடாதென்பது ஒன்ராறியோ மாகாணத்துச் சட்டம். ஆகவே அங்கும் ஒருவழிக் கதவே நம்பத்தகுந்த முறை. அமெரிக்காவில் 1987 ஆம் ஆண்டிலும் 1994 ஆம் ஆண்டிலும் அணிலொன்று மின்வழங்கலிற் புகுந்தமையால், நாஸ்டாக் என்னும் பெரும் பங்குச் சந்தையின் வணிகமே சிறிது நேரம் தடைப்பட்டது. கோடிகள் புரளும் சந்தையை நிறுத்த ஓர் அணில் போதுமாயின், எம் வீட்டு விளக்கு எம்மாத்திரம்?

முடிக்குமுன் பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வருகின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு வெளியேறியபோது நாமும் வெளியேறினோம். அப்போது நாம் பாடசாலை மாணவர். அடுத்த ஆண்டு திரும்பிவந்து பார்க்கையில் வீட்டின் பாதிக் கூரையில் ஓடுகள் இல்லை. மீதிப் பாதியின்கீழ் அணிற்குடும்பமொன்று வாழ்ந்திருந்தது. கூரை வேய வந்தவர்கள் தடியால் அதனைக் கலைக்க முற்பட்டார்கள். எம் பாட்டனார் கையை உயர்த்தித் தடுத்தார்.

“கொஞ்சம் பொறுத்துச் செய்யுங்கோ. குட்டியளோடை வீட்டை விட்டுப் போற வருத்தம் எங்களுக்குத் தெரியாதே?”

அந்தப் பாதிக் கூரையை வேயும் வேலை அன்று தள்ளிவைக்கப்பட்டது. குட்டிகள் தாமாக ஓடித்திரியத் தொடங்கிய பின்னரே ஓடு மாற்றினார்கள். அதுவரை நாமெல்லாரும் மற்ற அறையில் நெருங்கிப் படுத்தோம். இதனை நன்றாய் அறிந்திருந்தும் சென்ற மாசியில் நாம் மறந்துபோனோம்.

இப்போது எம் கூரை விளிம்பு முழுவதும் வலையிடப்பட்டிருக்கின்றது. மின்கம்பிகள் குழாயினுள் செல்கின்றன. தென்னையிலே வளர்ந்த அவ்விரு அணில்களோ, வேறெவையோ, காலையில் மாமரத்தில் ஓடித் திரிகின்றன. மகள் அவற்றைப் பார்த்துக்கொண்டே பாடசாலைக்குப் புறப்படுகின்றாள். வாசக அன்பர்களே, உங்கள் கூரையிலும் ஓசை கேட்குமாயின் அடைக்கத்தான் வேண்டும். மேசனை அழைக்குமுன் ஒரு பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி வையுங்கள். மூன்று நாள் பொறுங்கள்.