பாஸ்போர்ட் கோல் போடாது

அமெரிக்கக் கல்லூரிகளின் மகளிர் ஐஸ் ஹாக்கி பற்றிப் பேச்செடுத்தாலே இந்த நாடுவாரிக் கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு நண்பர் பெருமையாக ஓர் அட்டவணையைக் காட்டினார். அமெரிக்கா, கனடா, ஐரோப்பா என்று மூன்று பிரிவு. ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்று கணக்கு. கனடா மேலே, அமெரிக்கா கீழே. "ரத்தத்திலேயே ஊறினது சார்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அந்த அட்டவணையில் நூரா ராட்டி எங்கே? 2012-13 சீசனில் மின்னசோட்டா பல்கலைக்கழக அணி ஆடிய 41 ஆட்டங்களையும் வென்றது. தோல்வி இல்லை, டிராகூட இல்லை. அந்த அணியின் முதன்மை கோல்கீப்பர் பின்லாந்துக்காரியான ராட்டி. புள்ளி என்பது கோல் போட்டவருக்கும் பாஸ் கொடுத்தவருக்கும் சேர்வது. கோலைத் தடுத்தவருக்கு அதில் இடமில்லை. 41-0 அணியின் கடைசி அரணாக நின்றவரைக் கண்டுகொள்ளாத கணக்கு என்ன கணக்கு?

சராசரி என்பதே இங்கே ஏமாற்று. எல்லை கடந்து ஒரு பெண்ணை உதவித்தொகை கொடுத்து அழைத்துவரும் பயிற்சியாளர் அவரைப் பெஞ்சில் உட்காரவைக்கவா அழைக்கிறார்? முதல் வரிசையில் ஆடவிடுவார், எதிரணிக்கு ஆள் குறையும் பவர் பிளேயில் இறக்குவார். நான்காவது வரிசையில் சில நிமிடமே ஆடும் உள்ளூர்ப் பெண்ணின் புள்ளியோ அமெரிக்கச் சராசரியைக் கீழே இழுக்கிறது. பொறுக்கியெடுத்த விதைநெல்லையும் களத்து நெல்லையும் அருகருகே வைத்து மண்ணின் மகிமை பேசுகிறார்கள்!

சிறந்த ஆட்டக்காரிக்கான பேட்டி காஸ்மையர் விருதை 2017 முதல் 2020 வரை கனடாக்காரிகளே வாங்கினார்கள். 2021, 2022 இரண்டிலும் அமெரிக்கர்கள். ஒரே ஆண்டில் கனடாவின் ரத்தம் வற்றிவிட்டதா? அந்த நான்கு கனடாக்காரிகளில் இருவர் ஒரே கல்லூரி, கிளார்க்சன். கனடா எல்லைக்குப் பக்கத்தில், பாட்ஸ்டாம் என்ற சிற்றூரில், யாரோ பொறுமையாக ஓர் அணியைக் கட்டினார்கள். அந்த உழைப்பைக் கொடிக்குத் தாரைவார்ப்பது அநியாயம்.

ஸ்வீடனின் மரியா ரூத், 2001 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து தேசியப் பட்டம் வென்ற மின்னசோட்டா டுலூத் அணியில் ஆடியவர். 2006 டூரின் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவை வீழ்த்தியதும் அதே ரூத்தான். அவருடைய திறமையை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவீர்கள்?

இப்படி நாடு நாடாக எண்ணுகிறவர்கள், எண்ண வேண்டியதை எண்ணுவதில்லை. 2017 மார்ச்சில் வடக்கு டகோடா பல்கலைக்கழகம் செலவைக் காரணம் காட்டி மகளிர் அணியையே கலைத்தது. ஓராண்டுக்குள், 2018 ஒலிம்பிக் இறுதியில், அந்தக் கல்லூரியில் ஆடிய லாமுரூ இரட்டையரில் மோனிக் அமெரிக்காவுக்காகச் சமன்செய்யும் கோலைப் போட்டார். ஜோஸலின் ஷூட்டவுட்டில் தங்கத்தை உறுதிசெய்தார். கொடியைப் போற்றுகிறவர்கள், அந்தக் கொடியை உயர்த்தியவர்களை வளர்த்த அணி கலைந்ததைப் பற்றிப் பேசட்டும்.

ராட்டியை மறுபடியும் சொல்கிறேன்: 41 ஆட்டம், 41 வெற்றி, வலைக்கு முன்னால் ஒரு பின்லாந்துப் பெண், அவருக்கு முன்னால் பெரும்பாலும் அமெரிக்கச் சக ஆட்டக்காரிகள். அணி என்றால் அது. அடுத்த முறை யாராவது நாடுவாரி அட்டவணையை நீட்டினால், கோல்கீப்பர் எங்கே, யார் எத்தனை நிமிடம் ஆடினார், பயிற்சியாளர் யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அட்டவணையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.