'சர்வர் டவுன்' என்றால் என்ன? ஆரணி நெசவாளர் கேட்க வேண்டிய கேள்வி

"சர்வர் டவுன், நாளைக்கு வாங்க." இ-சேவை மையம், ரேஷன் கடை, பத்திரப் பதிவு அலுவலகம் என்று எங்கோ ஓரிடத்தில் இதைக் கேட்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. பட்டு நெசவை நம்பியிருக்கும் ஆரணியில் இந்தப் பதிலுக்குத் தனி விலை உண்டு. தறியில் உட்கார்ந்தால்தான் கூலி. மகளின் சாதிச் சான்றிதழுக்காக ஒரு நெசவாளர் ஒரு பகலைச் செலவழித்தால், அன்றைய கூலி போச்சு. மறுநாளும் வரச் சொன்னால் இரண்டு நாள் கூலி.

மழை, வெயில் மாதிரி இதுவும் யார் கையிலும் இல்லாத சமாச்சாரம் என்று மக்கள் பழகிவிட்டார்கள். உண்மையில் ஒவ்வொரு 'டவுன்'-க்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பாளரும் இருக்கிறார்.

ஒரு கூடம், பல தறிகள்

ஒரு வேலைக்கு ஒரு கணினி என்பது பழைய முறை. அதில் பெரும்பாலான கணினிகள் பாதி நேரம் சும்மா கிடக்கும். இப்போது ஒரு பெரிய கணினியில் 'ஹைப்பர்வைசர்' என்ற மென்பொருளைப் போட்டு, அதன்மேல் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டுகிறார்கள். ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே செய்துபார்த்த யோசனை இது. 1998-ல் தொடங்கப்பட்ட விஎம்வேர் போன்ற நிறுவனங்கள் இதைச் சாதாரண சர்வர்களுக்கும் கொண்டுவந்தன.

ஒரே கூடத்தில் பத்துத் தறி ஓடுவதை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாவு, தனி டிசைன். ஒரு தறியில் இழை அறுந்தால் மற்றவை நிற்காது. ஆனால் கூரை ஒழுகினால் பத்துப் பாவும் நனையும்.

அதனால் 'டவுன்' என்ற ஒரே சொல்லுக்குள் பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு மெய்நிகர் சர்வர் மட்டும் உறைந்துபோயிருந்தால், அதை மறுபடி இயக்கச் சில நிமிடம் போதும். கீழே இருக்கும் கணினியே செத்துவிட்டால், அதன்மேல் ஓடிய சர்வர்கள் பக்கத்துக் கணினியில் தானாக எழ வேண்டும். அதற்கு அங்கே இடம் காலியாக இருக்க வேண்டும். எல்லா சர்வர்களும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்பகம் நிரம்பினாலோ பழுதானாலோ, மொத்தக் கூடமும் நின்றுவிடும்.

இன்னொரு சிக்கல், கையிருப்புக்கு மேல் வாக்குக் கொடுப்பது. பத்துப் புடவைக்குப் பட்டு வைத்துக்கொண்டு பதினைந்து பேருக்குத் தருவதாகச் சொல்லும் முதலாளி சாதாரண நாளில் சமாளித்துவிடுவார். தீபாவளிக்கு முன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் மாட்டிக்கொள்வார். இருக்கும் மெமரியை விட அதிகமாகப் பங்கிட்டுக் கொடுத்த தரவு மையமும், தேர்வு முடிவு வரும் நாளில் இப்படித்தான் திணறும்.

'ஸ்னாப்ஷாட்' என்று ஒன்று உண்டு. மாற்றம் எதுவும் செய்வதற்கு முன் சர்வரின் அப்போதைய நிலையைப் பிடித்துவைப்பது அது. வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். மறந்துவிட்டால் வளர்ந்துகொண்டே போய்ச் சேமிப்பகத்தை நிரப்பிவிடும். பெரும்பாலும் அதே சேமிப்பகத்திலேயே இருப்பதால், அதை பேக்கப் என்று நம்பி உட்காருவது ஆபத்து.

எய்ம்ஸ் கற்ற பாடம்

2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. 40 நேரடி சர்வர், 60 மெய்நிகர் சர்வர் என மொத்தம் 100-ல், ஊடுருவப்பட்டவை 5 நேரடி சர்வர்கள் மட்டுமே என்று சுகாதார அமைச்சக வட்டாரங்கள் தெரிவித்தன. பூட்டப்பட்ட தரவு சுமார் 1.3 டெராபைட். ஆனாலும் நோயாளிப் பதிவும் ஆய்வக முடிவும் காகிதத்துக்குத் திரும்பின. முக்கியப் பணிகள் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று பின்னர் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. கூடங்களுக்கு நடுவே சுவர் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

எய்ம்ஸைக் காப்பாற்றியது, பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வர்தான். அதிலிருந்துதான் நோயாளிகளின் தரவு மீட்கப்பட்டது.

தென்கொரியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2025 செப்டம்பர் 26-ல் தேஜோன் நகர அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்ததில், 600-க்கும் மேற்பட்ட அரசு சேவைகள் நின்றன. அரசு ஊழியர்களின் ஆவணங்கள் இருந்த 858 டெராபைட் சேமிப்பகம் எரிந்துபோனது. அதற்கு வெளியே வேறு பேக்கப் இல்லை.

அட்டையை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்

"பேக்கப் இருக்குங்க" என்ற பதிலும் போதாது. ஜக்கார்டு டிசைன் அட்டைக்கு ஒரு நகல் எடுத்து வேறு வீட்டில் பத்திரமாக வைத்திருக்கலாம். எலி கடித்திருக்கிறதா, ஒரு துளை தவறிப்போயிருக்கிறதா என்பது தறியில் ஏற்றி நாலு விரற்கடை நெய்து பார்த்தால்தான் தெரியும். பேக்கப்பும் அப்படித்தான். அதை எடுத்த தேதியோடு, அதிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தார்கள் என்ற தேதியும் தெரிய வேண்டும்.

எனவே மக்கள் சேவை நடத்தும் ஒவ்வொரு துறையும் தன் இணையதளத்தில் நான்கு விவரங்களைப் போட வேண்டும்: சேவை எப்போது நின்றது, எந்த வகைக் கோளாறு, எப்போது திரும்பும், கடைசி மீட்பு ஒத்திகை எப்போது நடந்தது. விவரம் சொன்னால் ஹேக்கர்களுக்கு வழி காட்டியதாகிவிடும் என்று அதிகாரிகள் தயங்கலாம். யாரும் பாஸ்வேர்டையோ சர்வர் முகவரியையோ கேட்கவில்லை. ரயில் தாமதமானால் எவ்வளவு நேரம் என்று பலகையில் போடுகிறார்களே, அந்த அளவு போதும்.

"மதியம் மூணு மணிக்கு மேல வாங்க" என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், நெசவாளர் வீட்டுக்குப் போய் அரை நாளாவது நெய்வார். அந்த அரை நாள் கூலியைக் காப்பாற்றிக் கொடுப்பது அரசின் கடமை.