கைத்தடிக்கும் அளவு எடுக்கணும்!

“என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு மாசம் ஆகிறது. இப்போதுதான் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். அவருக்கு நல்லதாக ஒரு வாக்கிங் ஸ்டிக் வாங்கிக் கொடுக்க ஆசை. எது வாங்கலாம்?” என்று திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்.

ரெண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எங்கள் வீட்டிலேயே மூன்று ஸ்டிக் இருக்கின்றன. பரண்மேல் ஒன்று, அப்பாவின் கட்டிலோரம் ஒன்று, அவர் கையில் ஒன்று. மூன்றிலும் ரொம்ப அழகானது பரண்மேல் தூங்குவதுதான்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். 32 வருஷ சர்வீஸ். அதில் பாதி திண்டுக்கல் – வத்தலக்குண்டு ரூட். வளைவில் பஸ் சாயும்போது ஜனங்கள் எல்லாம் கம்பியைக் கட்டிக்கொண்டு தொங்குவார்கள். அவர் மட்டும் ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கையில் சில்லறை என்று எதையும் பிடிக்காமல் மூட்டைகளுக்கு நடுவே நடந்து வருவார். சின்ன வயதில் அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும்.

போன வருஷம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் வாய் ஒரு பக்கம் கோணி, இடது கையில் இருந்த செம்பு நழுவி விழுந்தது. அன்றைக்கு நாங்கள் ஓடிய ஓட்டத்தை இன்னொரு வாரம் எழுதுகிறேன். மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. அதனால் இடது கையும் இடது காலும் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு மட்டும் தப்பித்தது. (அதில் எங்களுக்கு நிம்மதியும் உண்டு, அவஸ்தையும் உண்டு!)

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், கொடைக்கானல் போயிருந்த தம்பி ஒரு மரத்தடி வாங்கி வந்தான். வார்னிஷ் பளபளக்க, குடைக்காம்பு மாதிரி வளைந்த பிடி. ஆசையாகத்தான் வாங்கி வந்தான், பாவம். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “கம்பியே பிடிக்காதவனுக்குக் கம்பு எதுக்குடா?” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

கட்டாயப்படுத்திக் கையில் கொடுத்தால், வலது தோள் காதோரம் ஏறிக்கொண்டது. தடி அவருக்கு உயரம். அப்பா ஐந்தேகால் அடி. நாங்களோ “ஜமீன்தார் மாதிரி இருக்கீங்கப்பா” என்று போட்டோ எடுத்தோம். பத்தடி நடப்பதற்குள் தோளும் கழுத்தும் வலிக்கிறது என்று கட்டிலில் போட்டுவிட்டார்.

அடுத்து நான் சர்ஜிக்கல் கடைக்குப் போனேன். “சிங்கிளா, நாலு காலா?” என்று மட்டும் கேட்டார் கடைக்காரர். நாலு காலென்றால் விழாது என்ற கணக்கில் அதையே வாங்கினேன். எந்தக் கையில் பிடிப்பார், எவ்வளவு உயரம் இருப்பார் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்த நாலு கால் ஸ்டிக்கோடு நடக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், கூடத்தில் அப்பா விழுந்தார். வலது காலை எடுத்து வைக்கும்போது ஸ்டிக்கின் காலிலேயே பாதம் இடறி, இடப்பக்கமாகச் சாய்ந்தார். பக்கத்தில் வந்துகொண்டிருந்த அம்மா பதறிப்போய் அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்தாள். இடுப்பெலும்பு தப்பியது. இழுபட்ட தோள் மட்டும் ஒரு மாசம் வலித்தது.

அதைவிடப் பெரிய சேதம் வேறு. அதற்கப்புறம் பதினோரு நாள் அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சாப்பாடு, பத்திரிகை, எல்லாம் கட்டிலில். “கால் நல்லாத்தான் இருக்கு தாயி. இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பாப்போம்” என்பார். மறுநாளும் அதே பதில். பக்கவாதத்துக்குப் பிறகு இப்படிப் படுத்துக்கொண்டே இருந்தால், தேறி வருகிற காலும் வலுவிழந்துவிடும். எங்களுக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் தரையைப் பார்த்தாலே பயம்.

பன்னிரண்டாம் நாள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தார். தமிழ்நாட்டு அரசு 2021-ல் ஆரம்பித்த திட்டம் இது. வீட்டுக்கே வந்து ரத்தக்கொதிப்பு, சர்க்கரை பார்ப்பதோடு, தேவைப்பட்டவர்களுக்கு பிசியோதெரபியும் உண்டு. வந்தது என் மகள் வயசுப் பெண். அப்பாவைப் பார்க்கும் முன்னால் மூலையில் இருந்த ஸ்டிக்கைப் பார்த்தது.

“ஐயா, எந்தக் கையில பிடிப்பீங்க?”

“வலது.”

“அப்போ இது ஏன் இடது கைக்கு மாட்டியிருக்கு?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண் விளக்கியது. நாலு கால் ஸ்டிக்கின் அடிப்பாகம் நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கத்துக் கால்கள் நேராக, அடக்கமாக இருக்கும். எதிர்ப்பக்கத்துக் கால்கள் அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நேரான பக்கம்தான் உடம்பை ஒட்டி வரவேண்டும், நீட்டல் வெளிப்பக்கம் போகவேண்டும். எங்கள் ஸ்டிக்கில் அந்த நீட்டல் அப்பாவின் பாதத்துப் பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பெண் குமிழை அழுத்தி, அடிப்பாகத்தை அரைச்சுற்று திருப்பி, ‘க்ளிக்’ என்று சத்தம் வந்ததும் கொடுத்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷ வேலை தெரியாமல்தான் அப்பாவைப் பதினோரு நாள் படுக்க வைத்திருந்தோம்.

அப்புறம் அளவு. தையல்காரரிடம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க அரைமணி நேரம் நிற்கிற நாம், ஒரு ஆள் பாரம் தாங்குகிற தடிக்கு அளவு பார்ப்பதில்லை. வீட்டில் எந்தச் செருப்போடு நடப்பாரோ அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கவேண்டும். நல்ல கையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். மணிக்கட்டில் ரேகை மாதிரி மடிப்பு இருக்கிறதல்லவா, பிடியின் மேல்பக்கம் அந்த மடிப்பு உயரத்தில் இருக்கவேண்டும். அப்போது பிடித்தால் முழங்கை லேசாக, 20 முதல் 30 டிகிரி மடங்கும். தடி உயரமாக இருந்தால் தோள் ஏறிக்கொள்ளும், கையால் அழுத்த முடியாது. குட்டையாக இருந்தால் கூன் விழும். அலுமினிய ஸ்டிக் என்றால் துளை மாற்றி ஏற்றி இறக்கலாம். குமிழ் முழுசாக வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மரத்தடி என்றால் அடியில் இருக்கும் ரப்பரைக் கழற்றிவிட்டு, அதன் கனத்தையும் கணக்கில் வைத்து ஆசாரியிடம் கொடுத்து அறுக்கவேண்டும். தம்பிக்கு அறுக்க மனசு வரவில்லை. அதனால்தான் அது பரணில்.

பிடிக்க வேண்டியது நல்ல கையில். பக்கவாதத்தில் அது தானாகவே அமைந்துவிடும், இன்னொரு கைதான் பிடிக்காதே. நடக்கிற வரிசையைத்தான் பழக்க வேண்டும். முதலில் தடி, அடுத்து பலம் குறைந்த கால், கடைசியில் நல்ல கால். தடியை எட்டி வைக்கக் கூடாது. பாதத்துக்குக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பக்கவாட்டில். நாலு கால் ஸ்டிக் என்றால் நாலும் ஒரே நேரத்தில் தரையில் பதியவேண்டும். ரெண்டு கால் பதிந்து ரெண்டு தூக்கியிருந்தால் ஆட்டம் காட்டும்.

“முதல்ல தடி, அப்புறம் கெட்ட கால்...” என்று அந்தப் பெண் சொன்னதும் அப்பா குறுக்கிட்டார். “கெட்ட காலுன்னு சொல்லாத தாயி. அது என்ன பாவம் பண்ணுச்சு? அது மெடிக்கல் லீவுல இருக்கு.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இடது கால் ‘லீவு கால்’, வலது கால் ‘டூட்டி கால்’. வாசலில் மூன்று படி. ஏறும்போது டூட்டி கால் முன்னால், பிறகு லீவு காலும் தடியும். இறங்கும்போது தடி முதலில், கூடவே லீவு கால், அப்புறம் டூட்டி கால். உடம்பைத் தூக்குகிற வேலையும், மெதுவாக இறக்கிவிடுகிற வேலையும் எப்போதும் டூட்டி காலுக்குத்தான்.

படிக்குக் கைப்பிடி இருந்தால் தடியைவிட அதைப் பிடிப்பது நல்லது. ஆனால் பக்கவாதம் வந்தவருக்குப் பிடிக்க இருப்பது ஒரே கை. ஏறும்போது அந்தக் கைப்பக்கம் இருக்கிற கம்பி, இறங்கும்போது மறுபக்கம் போய்விடும். படிக்கு ரெண்டு பக்கமும் கம்பி வைக்க வேண்டும் என்று வீடு கட்டும்போது யார் நினைக்கிறோம்? நாங்கள் இப்போது வைத்தோம். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க, தடியைப் பின்னால் யாராவது கொண்டுவருவோம்.

நாற்காலியிலிருந்து எழும்போது தடியை ஊன்றி எழ விடாதீர்கள், சரிந்துவிடும். கை வைத்த கனமான நாற்காலியில் உட்காரவைத்து, கைப்பிடியை அழுத்தி எழுந்து, நிலையாக நின்ற பிறகு தடியை எடுக்கவேண்டும். கை இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் நகர்ந்துபோகும்.

கூட நடப்பவர் பலம் குறைந்த பக்கத்தில், அரை அடி பின்தங்கி நடக்கவேண்டும். பிடிப்பதென்றால் இடுப்புப் பக்கம். அம்மா செய்தது போலக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோளைத் தாங்குகிற தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு இறங்கிவிடும். அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். “ரெண்டு மாசமா அந்தக் கையத்தானே பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்.” ஆஸ்பத்திரியில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்களும் கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. அப்பா தட்டில் இடது ஓரத்தில் வைக்கிற பொரியலைச் சாப்பிடாமலே எழுந்துவிடுவார். பிடிக்கவில்லை போல என்று விட்டிருந்தோம். மூளையின் வலப்பக்கம் பாதித்தால் சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் வராதாம். கண் பார்வை நன்றாக இருந்தாலும் அப்படித்தான். அவர் இடது தோள் அடிக்கடி கதவு நிலையில் இடித்ததும் அதனால்தான். இப்படிப்பட்டவருக்கு எவ்வளவு நல்ல தடி வாங்கினாலும், இடப்பக்கத்து ஸ்டூலில் போய் மோதுவார். நின்று, தலையைத் திருப்பி, இடது பக்கம் பார்த்துவிட்டு நடக்கப் பழக்க வேண்டும். உங்கள் மாமனாரின் தட்டையும் ஒருநாள் கவனித்துப் பாருங்கள்.

வீட்டில் மிதியடி எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துவிட்டோம். லுங்கியைக் கணுக்காலுக்கு மேலே கட்டச் சொன்னோம். ரப்பர் செருப்புக்குப் பதில் பின்வார் வைத்த செருப்பு. நடக்கும்போது யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. போன் வந்தாலும் நின்றுதான் பேசவேண்டும். இதுதான் அப்பாவுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

மூன்று மாசம் கழித்து, நடை நிதானப்பட்ட பிறகு, அதே பெண் பார்த்துச் சொல்லித்தான் ஒற்றைக் கால் அலுமினிய ஸ்டிக் வாங்கினோம். உள்ளங்கை முழுக்கப் பதிகிற தட்டையான பிடி. நாள் முழுக்கப் பாரம் தாங்குகிற கைக்கு, வளைந்த பிடியைவிட அதுதான் சுகம். நாலு கால் ஸ்டிக்கை வீணாக்கவில்லை. தானாகவே நிற்குமே, ராத்திரி பாத்ரூம் போக அது கட்டிலோரத்தில் டூட்டி பார்க்கிறது.

ஆகவே, திருப்பூர் வாசகிக்கு என் பதில்: இப்போது கடைக்குப் போகாதீர்கள். முதலில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அவர் நிற்பதையும் நடப்பதையும் பார்க்கட்டும். முட்டி மடங்கிப் போகிறதா, பாதம் தொங்குகிறதா என்பதைப் பொறுத்துத்தான் ஒற்றைக் காலா, நாலு காலா, பாதத்துக்குப் பட்டை வேண்டுமா என்பதெல்லாம். தடி என்பது ஆச்சரியப் பரிசாக வாங்கிக் கொடுக்கிற சாமான் இல்லை, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாங்குகிற வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 60 வயது தாண்டியவர்களுக்கு ஊன்றுகோல் உள்ளிட்ட சாதனங்களை இலவசமாகக் கொடுக்க ‘ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா’ என்று மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2017-லிருந்து இருக்கிறது. முகாம் போட்டுக் கொடுப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்விட்டு வந்தார். வழியில் ரெண்டு இடத்தில் நின்றார். ஒன்று, இளைப்பாற. இன்னொன்று, பஸ் ஒன்று திரும்புவதைப் பார்க்க. நான் அரை அடி பின்னால், இடது பக்கமாக, வாயைத் திறக்காமல் நடந்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஸ்டிக்கைத் தலைகீழாகத் திருப்பி அடி ரப்பரைப் பார்த்தார். ஒரு ஓரம் தேய்ந்து, வளையம் வளையமாக இருந்த பள்ளமெல்லாம் மழமழவென்று ஆகியிருந்தது.

“டயரு மொட்டையாயிருச்சு தாயி. ஈரத்துல வழுக்கும். நாளைக்குக் கடைக்குப் போனா ரெண்டா வாங்கிக்க.”

“ஒரு கால்தானப்பா இருக்கு, ரெண்டு எதுக்கு?”

“ஸ்டெப்னி வேணாமா?”